கடற்கரைக் குடியிருப்பில் அயல்நாட்டுத் தொண்டர்

நமது மூக்கண்டப்பள்ளி, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை அடுத்து அமைந்த மேட்டு நிலமாகும். ரோஜாவும் தக்காளியும் கொத்தமல்லியும் பயிரிடும் குடியானவர்களுக்கும், தறியில் அமர்ந்து பாவும் ஊடையுமாகப் பொழுதைக் கழிக்கும் நெசவாளர்களுக்கும் கடலோடு என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். ஆயினும், இத்திங்கள் நாம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையைப் பற்றியும், அங்கே கடல் கடந்து வந்து தங்கித் தொண்டாற்றிய அன்பர்களைப் பற்றியும் எழுத முற்பட்டமைக்குத் தக்க காரணம் உண்டு.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் நம் வட்டாரம் பல ஊராரும் பல மொழியாரும் வந்து தங்கும் இடமாகிவிட்டது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதித்துள்ளது. ஆதலின் உதவி செய்ய விரும்புவோர் ஒரு திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறங்களுக்கு வருவது இந்நாளில் அரிய செயலன்று. வருவோரை எங்ஙனம் வரவேற்பது? அவர் அளிப்பதை எத்தகைய ஏற்பாட்டுடன் பெறுவது? அவர் விடைபெற்றுச் சென்றபின் நம் கையில் எஞ்சி நிற்பது யாது? இக்கேள்விகள் நம் சங்கத்தின் வாசலில் நிற்கின்றன. நமக்கு முன்னரே இவற்றைச் சந்தித்து, பட்டறிவால் விடை கண்டவர்கள் தென்கோடிக் கடற்கரை மீனவர்களே ஆவர்.

தொண்டர் இயக்கம் வளர்ந்த வரலாறு

அயல்நாட்டார் ஊதியம் கருதாமல் பிறர் நாட்டுக் கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைக் குலுக்கிய பெரும் பூகம்பத்திற்குப் பின், சுவிட்சர்லாந்தின் எஞ்சினீயரான பியர் செரெசோல் தம் தோழர் சிலருடன் அங்கு வந்து, இடிந்த கிராமங்களை மீண்டும் எழுப்பும் வேலையில் மண்வெட்டி பிடித்தார். முதல் உலகப் போருக்குப் பின்னர், பகைமையால் அழிந்த ஊர்களைச் சீர்ப்படுத்தும் பொருட்டு 1920-இல் அவர் தொடங்கிய சர்வதேசத் தொண்டர் இயக்கமே அவரை இந்நாட்டுக்கு அழைத்து வந்தது.

1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பார் இளைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொண்டர் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1961-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அமைதிப் படையை நிறுவினார். அவ்வாண்டு இறுதியிலேயே அப்படையின் முதற் குழுவினர் பஞ்சாபுக்கு வந்து சேர்ந்தனர். 1976 வரையில் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவில் கோழி வளர்ப்பு, வேளாண்மை, சுகாதாரம் முதலிய துறைகளில் பணி செய்து திரும்பினர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் அம்மையார், தமது 68-ஆம் வயதில் 1966-இல் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து, இரண்டு ஆண்டுகள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். 1970-இல் ஐக்கிய நாடுகள் சபையும் தன் சார்பில் தொண்டர் திட்டமொன்றை வகுத்தது. 2026-ஆம் ஆண்டைத் தொண்டர்க்குரிய சர்வதேச ஆண்டாக அச்சபை அறிவித்திருப்பதால், இப்பொருளைச் சிந்திப்பது காலத்துக்கும் ஏற்றதாகும்.

கரையோர வாழ்க்கை

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. அதன்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் குடியிருப்புகள் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றுள் முட்டம், பாறைகளும் கலங்கரை விளக்கமும் உடையது. திரைப்படங்கள் வாயிலாகத் தமிழர் பலரும் கண்ணால் அறிந்த ஊர். அக்கரையில் வாழ்வோரிற் பெரும்பாலோர் பதினாறாம் நூற்றாண்டில் புனித சவேரியார் காலம் முதலாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்கள். 1930-இல் ஏற்பட்ட கோட்டாறு மறைமாவட்டம் அவர்களது சமூக வாழ்விலும் பெரும்பங்கு கொண்டுள்ளது.

இத்தகைய குடியிருப்பில் வந்து தங்கும் அயல்நாட்டார்க்கு முதலில் எதிர்ப்படுவது வெம்மையும் உப்புக் காற்றும் ஆகும். இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். துணி உலர்ந்தும் உலராத பதத்தில் இருக்கும். குடிநீருக்குக் குடமெடுத்துக் காத்து நிற்க வேண்டும். வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லாமையால், தனிமை என்பது கிடைத்தற்கரிய பொருளாகிவிடும். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கஞ்சியும் அன்றாட உணவு. ஏட்டுத் தமிழ் பயின்று வந்தவரும் அக்கரைப் பேச்சைப் புரிந்துகொள்ளத் திங்கள் பல ஆகும். காற்றுக்கு ஒரு பெயர், நீரோட்டத்துக்கு ஒரு பெயர், ஒரே மீனுக்குப் பருவந்தோறும் ஒரு பெயர் என அங்கே வழங்கும் சொற்களை எந்தப் புத்தகமும் முழுமையாகக் கற்பிப்பதில்லை.

பொழுது புலர்வதற்கு முன்னரே கட்டுமரங்கள் கடலேறிவிடும். அவை அலை கடந்து திரும்பும் நேரத்தில் ஊர் முழுவதும் மணற்பரப்பில் கூடிவிடும். அங்கே சிறிது நேரத்தில் சாளையும் நெத்திலியும் வாளையும் விலையாகின்றன. அந்தச் சிறிது நேரமே குடும்பத்தின் அன்றைய அடுப்பை நிர்ணயிக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஆனி, ஆடித் திங்களில் கடல் கொந்தளிக்கும்போது பல நாட்கள் மரத்தைத் தள்ளவும் இயலாது. அந்நாட்களில்தான் கடன் பிறக்கின்றது.

தொண்டராக வந்தவர் முதல் ஆண்டில் ஆற்றக்கூடிய சிறந்த பணி, இவற்றையெல்லாம் உடனிருந்து காண்பதே. வந்த மறுநாளே திட்டம் கூறுபவரைக் கரை மக்கள் மரியாதையுடன் கேட்டுவிட்டுத் தம் வேலைக்குச் சென்றுவிடுவர். கடல் இரையும் இரவில் திரும்பாத மரத்துக்காகக் கரையில் விழித்திருக்கும் பெண்களோடு தாமும் விழித்திருந்தவரிடம் மட்டுமே அவர்கள் வீட்டுக் கணக்கைத் திறந்து கூறுவர். அக்கணக்கை அறியாமல் செய்யப்படும் உதவி, வேரை விட்டு இலைக்கு நீர் வார்த்தது போலாகும்.

மணலில் நடந்த ஏலம்

பெல்ஜிய நாட்டுக் குருவான ஜேம்ஸ் தோம்பர் அவர்கள் இவ்வாறு கரை மக்களுடன் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1960-களில் உருவான கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தை வளர்த்தவர் அவரே. கடற்கரை வறுமையின் வேர் எது என்று நோக்கிய அவரும் அவரைச் சார்ந்த ஊழியர்களும் கண்டது, நம் அங்கத்தினர்களுக்கு நன்கு பழகிய ஒன்றாகும்.

மீனவர் கட்டுமரமும் வலையும் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெறுவர். முன்பணம் கொடுத்தவருக்கு, பிடித்த மீனை ஏலமிடும் உரிமை சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாள் பிடிப்பிலும் அவருக்கு ஒரு பங்கு கழியும். அப்பங்கு முதலில் வரவு வைக்கப்படுவதில்லை. அதனால் முதல் குறைவதே இல்லை. விற்ற மீனுக்குரிய பணமும் உரிய நாளில் கைக்கு வராது. கடலில் உயிரைப் பணயம் வைத்தவர், கரையில் தம் பொருளுக்குத் தாமே விலை கூற இயலாதவராக நின்றார்.

இந்நிலையை மாற்றக் கிராமந்தோறும் மீனவர் சங்கங்கள் அமைந்தன. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்னும் குடியிருப்பிலும், 1960-கள் முதல் சமூக ஊழியர்கள் உடன்வாழ்ந்து செய்த முயற்சியால், இதே வகைக் கூட்டுறவு வேரூன்றியது. அச்சங்கங்களின் அமைப்பு எளிமையானது. மெய்யாகவே கடலுக்குச் சென்று மீன்பிடிப்பவரே அங்கத்தினராகலாம். ஏலம் சங்கத்தின் ஆளால் கரையிலேயே நடத்தப்படும். வியாபாரி சங்கத்துக்குப் பணம் செலுத்த, சங்கம் அங்கத்தினருக்குக் குறித்த நாளில் பட்டுவாடா செய்யும். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும், ஒரு பகுதி சங்கச் செலவுக்கும் பிடித்தம் செய்யப்படும். மீன் கிடைத்த நாளில் கடன் தானே அடையும். கிடைக்காத நாளில் தவணை கேட்டு வாசலில் நிற்பார் இல்லை. விற்பனை, கடன், சேமிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இவ்வேற்பாட்டால் வங்கிகளும் மீனவரை நம்பிக் கடன் வழங்க முன்வந்தன. கிராமச் சங்கங்கள் மாவட்டக் கூட்டமைப்புகளாக இணைந்தன. அவற்றுக்கெல்லாம் மேலான அமைப்பாகத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-இல் உருவாகியது. அஃது இன்றும் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகின்றது.

கூட்டுறவுக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவு இதனினும் பழையது என்பதை அங்கத்தினர்கள் அறிந்தால் வியப்படைவர். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் அமைப்பது குறித்து 1890-களில் விரிவான அறிக்கை அளித்து, 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகோலிய சர் பிரெடெரிக் நிக்கல்சன், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கௌரவ இயக்குநராக இருந்து கவனித்த துறை மீன்வளமே ஆகும். உழவர் கடனை ஆராய்ந்தவர் மீனவர் கரைக்குச் சென்றது தற்செயல் என்று நாம் கருதவில்லை. பண்டம் விரைவில் அழிவது, முன்பணம் விலையைக் கட்டுவது ஆகிய இரு துன்பங்களும் இருவர்க்கும் பொது.

தைத்த படகு

முட்டத்தில் வாழ்ந்து பணிபுரிந்த மற்றொரு பெல்ஜியர் பியர் ஜில்லே ஆவார். கட்டுமரத்துக்கு ஏற்ற இலேசான பெருமரங்கள் அருகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் முன்னின்று நடத்திய படகு கட்டும் நிலையத்தில், கடற்பலகை என்னும் ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் செய்யும் முயற்சி நடைபெற்றது. பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் இங்கிலாந்தில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழு இதற்குத் துணை நின்றது. பலகைகளை அளவாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, கம்பியால் தைத்து, தைத்த மூட்டுகளைக் கண்ணாடி இழையும் பசையும் கொண்டு இறுக்குவது அம்முறை. நெசவாளர்க்கு இது விளங்குவதில் வருத்தமிராது; துண்டுகளைச் சேர்த்துச் சட்டை தைப்பதைப் போன்றதே அது.

ஆயினும் அவ்வேலை சுலபமாக முடியவில்லை. கரையில் மோதி உடையும் அலையைப் படகு கடக்க வேண்டும், துறைமுகம் இன்றி மணலிலேயே ஏற வேண்டும், சிலர் கூடி இழுக்கத் தக்க எடையில் இருக்க வேண்டும், கவிழ்ந்தாலும் மூழ்கலாகாது, விலையோ சிறு மீனவர் தாங்கத் தக்கதாதல் வேண்டும். பழைய கட்டுமரம் இவை அத்தனையையும் பல நூற்றாண்டுகளாக நிறைவேற்றி வந்த பொருள். அதனினும் சிறந்ததொன்றைச் செய்ய முனைபவர், முதலில் அதன் மேன்மையை உணர்ந்தாக வேண்டும். புதிய படகு ஒவ்வொன்றும் மீனவர் கையில் சோதனைக்குச் சென்றது. அவர்கள் கூறிய குறைகளே அடுத்த படகின் வரைபடமாயின. இவ்வனுபவத்தை ஜில்லே 1985-இல் ஒரு நூலாக வெளியிட்டார். சிறியதே அழகியது என்னும் கருத்தில் ஷூமாக்கர் 1973-இல் தம் நூலுக்கு இட்ட பெயரை ஒட்டி, சிறியது கடினமானது என்னும் பொருள்படத் தம் நூலுக்கு அவர் பெயரிட்டார். அப்பெயரில் அடங்கிய பணிவு போற்றத்தக்கது.

நீண்டகரை தரும் எச்சரிக்கை

தொண்டும் உதவியும் நல்லெண்ணத்தால் மட்டும் நற்பயன் தந்துவிடா. இதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை வட்டாரத்தில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அங்கு வந்தோர் ஊதியம் பெற்ற நிபுணர்களேயாயினும், கடல் கடந்து வந்து கரையோரத்தில் தங்கியவர்களே. சுகாதார நிலையமும் குடிநீர் ஏற்பாடும் அமைத்து அவர்கள் செய்த நன்மையை மறுப்பார் இல்லை.

படகு விஷயத்திலோ நிகழ்ந்தது வேறு. சிறு மீனவர்க்கு இயந்திரப் படகு அளித்து உயர்த்துவதே முதல் நோக்கம். ஆனால் இறாலுக்கு அயல்நாட்டுச் சந்தையில் விலை ஏறவே, 1960-களில் அடிமடி இழுக்கும் விசைப்படகுகள் பெருகின. மூலதனம் உடையவர் கடல் சாராதவராயினும் படகுக்கு உடைமையாளர் ஆயினர். கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தோர் கரையோரக் கடலில் அவற்றோடு போட்டியிட இயலாமல் நலிந்தனர். கேரளத்திலும் தமிழகத்திலும் இருசாரார்க்கும் மோதல்கள் மூண்டன. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான பரப்பு பாரம்பரிய மீனவர்க்கென ஒதுக்கப்பட வேண்டியதாயிற்று. வலை பின்னி வாழ்ந்த கரையோரப் பெண்களின் கதையும் இத்தகையதே. நைலான் வலை செய்யும் இயந்திரங்கள் வந்தபோது அவர்கள் கைத்தொழிலை இழந்தனர். விசைத்தறியின் ஓசையைக் கேட்ட நெசவாளர்க்கு இத்துயரத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நல்லவர் வந்தனர், பொருளும் வந்தது. அப்பொருளுக்கு யார் உடைமையாளர் என்பதைக் கரை மக்களின் சங்கம் தீர்மானிக்கவில்லை. கேடு நுழைந்த வாயில் அதுவே.

ஆழிப்பேரலையின் பின்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. நாகப்பட்டினம் மாவட்டமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. கன்னியாகுமரியில் குளச்சல், மணக்குடி முதலிய ஊர்களும் பேரிழப்புக்கு உள்ளாயின. உலகின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் ஓடோடி வந்தனர். அவர்களது அன்பை நாம் என்றும் மறக்கலாகாது.

எனினும், யாரும் உடுத்த விரும்பாத பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன என்பதும் உண்மை. உழைத்து உடுத்துப் பழகிய மக்களுக்குப் பிறர் கழித்த ஆடை உதவியாகாது என்பதை, துணியின் மதிப்பை அறிந்த நெசவாளர் சமூகம் எளிதில் உணரும். படகுகளும் அவ்வாறே. சில இடங்களில் தரம் பாராமல், தேவைக்கு மிஞ்சி வழங்கப்பட்டன. இக்குழப்பத்திடையே, மேற்கூறிய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையைச் சேர்ந்த சினேகா என்னும் தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்த ஊருக்கு என்ன தேவை, எவர் எங்கே செல்வது என்ற விவரங்கள் அங்கே திரட்டப்பட்டன. இரண்டு தலைமுறைக்கு முன் வெளியார் துணையோடு முளைத்த கூட்டுறவு, இப்போது வெளியார்க்கே வழிகாட்டும் நிலையை எய்தியிருந்தது. தொண்டுக்கு இதனினும் உயர்ந்த வெற்றி வேறு யாது?

நம் சங்கத்துக்கு உரிய பாடம்

காலையில் பறித்த ரோஜா மாலைக்குள் விலையாக வேண்டும். பழுத்த தக்காளி மறுநாளைக்குக் காத்திராது. மண்டிக்காரரிடம் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் பெற்ற குடியானவர், தம் பூட்டைக்கு அவர் சொன்ன விலையை ஏற்கிறார். நூலும் முன்பணமும் ஒருவரிடமே பெற்ற நெசவாளர், கூலியைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறார். மீன் கூடையும் பூக்கூடையும் சேலையும் வெவ்வேறு பண்டங்கள். அவற்றைக் கட்டியுள்ள கயிறு ஒன்றே. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் இக்கயிற்றை அவிழ்க்கவே ஆகும்.

ஆகவே உதவி செய்வதற்கென வருபவர், அயல்நாட்டாராயினும், அடுத்த தொழிற்சாலையாராயினும், அவர்பால் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கத்தை நம் நிர்வாகக் குழு மேற்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

முதலாவது, அவர் எத்தனை காலம் நம்மோடு தங்குவார்? இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் கற்று, நம் வீட்டுக் கணக்கைக் கேட்டறியும் பொறுமை அவருக்கு உண்டா?

இரண்டாவது, அளிக்கப்படும் இயந்திரமோ கட்டடமோ யார் பெயரில் பதியப்படும்? பழுதானால் செப்பனிடும் செலவு எங்கிருந்து வரும்? அதனால் நம்முள் எவருக்கேனும் பிழைப்புப் பறிபோகுமா?

மூன்றாவது, அவர் சென்ற மறுநாள் அவ்வேலையை நடத்தப்போகும் அங்கத்தினர் யார்? அவர் இப்போதே உடனிருந்து கற்கின்றாரா?

இவற்றைக் கேட்பது விருந்தோம்பலுக்கு இழுக்காகாது. வந்தவரை மதிப்பதனாலேயே நாம் கேட்கிறோம். உண்மைத் தொண்டர் இக்கேள்விகளால் மகிழ்வாரேயன்றி மனம் நோகார். விடைகளைப் பொதுக்குழுவில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவசியம். வாய்மொழியாக நின்ற ஏற்பாடு, வந்தவர் மாறியவுடன் மறைந்துவிடும்.

அங்கத்தினர்களே, இதில் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. நம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பொருட்டு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் பலர், மொழி அறியாமல், நம் தெருக்களிலேயே வாடகை அறைகளில் தங்கியுள்ளனர். கடல் கடந்து வந்த அயலாரைக் கரை மக்கள் தம் கஞ்சியில் பங்கு கொடுத்து வாழவைத்தமையாலன்றோ அத்தொண்டு பயன் கண்டது? அருகிலிருக்கும் இவ்விளைஞருக்கு நம் சங்கத்தின் பண்டகசாலையில் நியாய விலையும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன்வர ஓர் ஆளும் கிடைக்கச் செய்வோமாக. தொண்டைப் பெறும் முறையை அறிந்த சங்கமே தொண்டைச் செய்யவும் தகுதி உடையதாகும்.